தோம்பு வாசிக்கும் மகள்: இல்லாத காசில் எதையெல்லாம் ஆராய்வது?

கொட்டாஞ்சேனை அப்பா
வெள்ளி, இரவு 9.10

வணக்கம். சண்டை பிடிக்க வரவில்லை. ஒரு விசயம் கொஞ்ச நாளாக மனதை அரிக்கிறது, படித்தவர்கள் இருக்கிற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தேன்.

எனக்கு ஒரே மகள். கம்பஸில் வரலாறு சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு இப்போது முதுதத்துவமாணிக்குப் பதிந்திருக்கிறாள். எடுத்த விசயம் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கும் அவள் சொல்லித்தான் தெரியும்: 1700களில் ஒல்லாந்தர் எழுதி வைத்த காணிப் பதிவும் குடும்பப் பதிவும்தான் தோம்பு. எந்தத் தோட்டம் யாருடையது, அதில் எத்தனை தென்னை, எத்தனை பலா, எத்தனை கமுகு, வீட்டில் யார் யார், அவர்கள் என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்றெல்லாம் இருக்குமாம். கிழமையில் நான்கு நாள் பஸ் எடுத்து கொழும்பு 7 இல் இருக்கிற தேசிய சுவடிக்கூடத்துக்குப் போகிறாள். பின்னேரம் கண் சிவந்து வந்து நிற்பாள். "இன்றைக்கு இரண்டு பக்கம் வாசித்துவிட்டேன் அப்பா" என்பாள். முழு நாளும் இருந்து இரண்டு பக்கம்.

போன மாதம் கம்பஸில் ஓர் ஆய்வு மாநாட்டுக்கு என்னையும் கூட்டிப்போனாள். கட்டுரைச் சுருக்கங்களைத் தடித்த புத்தகமாக அச்சடித்துக் கையில் தந்தார்கள். ஒரு பக்கத்தில் களப்பு நண்டு. மற்றப் பக்கத்தில் பஸ் கொண்டக்டர்மார் பேசுகிற பேச்சு. பிறகு சீமெந்தில் உமிச்சாம்பல் கலப்பது, விகாரைச் சுவரோவியம், எனக்கு ஒரு சொல்லும் விளங்காத கணிதம். நான் புறக்கோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். கடையில் ஆணிக்கு ஒரு தட்டு, பெயின்ருக்கு ஒரு தட்டு என்று வைத்தால், எது ஓடுகிறது, எது தூசி பிடிக்கிறது என்று வருடக் கடைசியில் பார்ப்பேன். இங்கே அப்படிப் பார்ப்பது யார்?

2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. நானும் மகளும் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். அப்படிப்பட்ட நாட்டில் இத்தனை வகை ஆராய்ச்சி வேண்டுமா? என் பிள்ளையின் படிப்பையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்.


பம்பலப்பிட்டிக் கணக்கு
வெள்ளி, இரவு 9.48

ஐயா, மகளைக் குறைத்துச் சொல்வதாக எடுக்க வேண்டாம். கேட்டதற்குப் பதில்: வேண்டாம்.

இந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் கன காலமாக நிற்கிறது. ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயையும் சதம் சதமாகப் பிரித்து நண்டுக்கும் கொண்டக்டருக்கும் சுவரோவியத்துக்கும் கொடுத்தால் ஒருவருக்கும் காணாது. எல்லோரும் அரைகுறையாக முடித்து, ஓர் ஆய்வேட்டைக் கட்டி, நூலகத்தில் அடுக்கிவிட்டுப் போவார்கள்.

நெல்லைப் பாருங்கள். கடையில் வாங்குகிற அரிசி பெரும்பாலும் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனங்களில் இருந்து வருவது. பிஜி 300, பிஜி 352 என்று சொல்வார்களே, அந்தப் 'பிஜி' பத்தலகொடவின் பெயர்தான். 300 மூன்று மாத நெல், 352 மூன்றரை மாத நெல். ஒரே கேள்வியை எடுத்து, ஒரே இடத்தில் இருந்து, பத்துப் பத்து வருடமாகத் தோண்டியதால் நாடே சாப்பிடுகிறது. நெல், தண்ணீர், மருத்துவம், மென்பொருள். நாலே நாலு. மற்றதெல்லாம் கையில் காசு வந்த பிறகு.


குடம்பி
வெள்ளி, இரவு 10.30

கணக்கு அண்ணா, நான் நுளம்பு வேலை செய்கிறவன். உங்கள் நாலுக்குள் வந்துவிடுவேன் என்பதால் எனக்குப் பயமில்லை. ஆனாலும் மறுத்துத்தான் சொல்ல வேண்டும்.

மலேரியா இந்த நாட்டில் 1934, 35 இல் கிட்டத்தட்ட 80,000 பேரைக் கொன்றது. 1963 இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள்தான். நோய் போய்விட்டது என்று நினைத்தார்கள், காசும் ஆட்களும் வேறு பக்கம் போனார்கள், சில வருடத்தில் அது திரும்பி வந்து இலட்சக்கணக்கானவர்களைப் படுக்கையில் போட்டது. மறுபடி முதலில் இருந்து தொடங்கி, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

இனித்தான் நான் சொல்ல வந்தது. அந்தச் சான்றிதழ் கிடைத்த அதே வருடக் கடைசியில் மன்னாரில் கிணறுகளுக்குள் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இலங்கையில் அது இருந்ததாகப் பதிவே இல்லை. இந்தியாவில் நகரங்களுக்குள் மலேரியா பரப்புவது அதுதான். கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். நாட்டில் மலேரியாவே இல்லாத நேரத்தில், கயிற்றில் வாளி கட்டிக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களால்தான் அது பிடிபட்டது. டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு சமாந்தரமாகப் படுத்திருக்கும். அதைப் பார்த்ததும் பிடரி சிலிர்க்கும், எனக்கு இப்போதும் அப்படித்தான்.

உங்கள் கணக்குப்படி, நோயே இல்லாத நோய்க்கு அந்த வருடம் காசு கொடுத்திருப்பீர்களா?


பம்பலப்பிட்டிக் கணக்கு
வெள்ளி, இரவு 11.05

கொடுத்திருப்பேன் தம்பி. அது மருத்துவம். தோம்பைக் காப்பாற்ற நுளம்பைக் கொண்டுவர வேண்டாம்.

இதற்குப் பிறகு என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1966 இல் தோமஸ் புரொக் என்பவர் ஒரு பக்டீரியாவைக் கண்டெடுத்தார். கொதிக்கிற தண்ணீரில் எது உயிர் வாழும் என்று பார்க்கத்தான் போனார், வேறு நோக்கம் இல்லை. பிறகு 1983 இல் கெரி முலிஸுக்கு பீசிஆர் முறை தோன்றியது. சூட்டைத் தாங்குகிற நொதியம் ஒன்று அதற்குத் தேவைப்பட, அந்தப் பக்டீரியாவில் இருந்தே எடுத்தார்கள். கோவிட் நேரத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனை அதுதான். உண்மையான கதை, எனக்கும் பிடித்த கதை. ஆனால் வென்ற சீட்டை மட்டும் காட்டி லொத்தர் வாங்கச் சொல்வது சரியில்லை. எத்தனை பேர் எத்தனை ஊற்றில் எதைத் தேடி ஒன்றும் ஆகாமல் போனது என்று யார் எண்ணினார்கள்?

இன்னொன்று. அந்தப் பக்டீரியாவை அமெரிக்கா கண்டுபிடித்தது, பலனை நாமும் அனுபவித்தோம். அப்படியானால் பரந்துபட்ட ஆராய்ச்சியைப் பணக்கார நாடுகள் செய்யட்டும், நாம் எடுத்துப் பயன்படுத்துவோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?


வெள்ளவத்தை ரீச்சர்
சனி, காலை 6.20

கடைசியில் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் நிற்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை வருடா வருடம் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்துவேன். 1911 இல் காலியில் தெருவோரம் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். 1409 என்ற காலக்குறிப்போடு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெ கொண்டுவந்த கல். சீன வாசகம் புத்தரைப் போற்றிக் காணிக்கை சொல்கிறது. தமிழ் வாசகம் தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு. பாரசீகம் இஸ்லாத்தின் வழியில். பொன் 1,000, வெள்ளி 5,000 என்ற காணிக்கைக் கணக்கு மட்டும் எதிலும் பெரிதாக மாறவில்லை. ஒரே கல்லில் மூன்று தெய்வத்துக்கும் ஒரே அளவு வைத்திருக்கிறார்கள்.

இதைத் தனி ஒருவரால் வாசிக்க முடியவில்லை. சீனத்துக்கு ஒருவர், பாரசீகத்துக்கு ஒருவர் வேண்டியிருந்தது. தமிழ்ப் பகுதியை வாசித்து 1933 இல் வெளியிட்டவர் பரணவிதான, ஒரு சிங்கள அறிஞர். அவர் பழந்தமிழ் எழுத்துப் படித்த காலத்தில் யாராவது 'இதனால் நாட்டுக்கு என்ன வருமானம்' என்று கேட்டு நிறுத்தியிருந்தால் அந்தப் பகுதி கோடும் சுழியுமாகவே நின்றிருக்கும். இந்தக் கல்லை அமெரிக்கா வந்து வாசித்துத் தராது கணக்கு. மன்னார்க் கிணற்றையும் வந்து பார்க்காது. வெந்நீர் ஊற்றுப் பக்டீரியாவைக் கடன் வாங்கலாம், சரி. நம் வீட்டுக்குள் கிடப்பதை நாம்தான் குனிந்து எடுக்க வேண்டும்.

விஞ்ஞானம், கலை என்று வேலி போடுகிறவர்களுக்கு விபுலானந்த அடிகளை நினைவூட்ட வேண்டும். கொழும்பில் விஞ்ஞானம் படித்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் எடுத்தவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அழிந்துபோன யாழ் என்ற கருவி எப்படி இருந்திருக்கும், அதன் நரம்புகள் எந்தச் சுரத்தில் நின்றிருக்கும் என்று சிலப்பதிகாரத்தின் அடிகளை ஒரு கையிலும் பௌதிகக் கணக்கை மறு கையிலும் வைத்து ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி 'யாழ் நூல்' என்ற பெயரில் வெளியானது 1947 இல், அவர் மறைந்த வருடம். தமிழ் மட்டும் தெரிந்தவரும் பௌதிகம் மட்டும் தெரிந்தவரும் அதை எழுதியிருக்க முடியாது.


பம்பலப்பிட்டிக் கணக்கு
சனி, காலை 8.15

ரீச்சர், அழகாகச் சொன்னீர்கள். கல்லை நானும் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக்குள் கிடப்பதை நாம்தான் எடுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எல்லோரும் விபுலானந்தர் இல்லையே. அடிகளார் ஒருவர். அவர் பெயரைச் சொல்லி நூற்றுக்கணக்கில் பதிகிற ஆய்வுகளை யார் தரம் பார்ப்பது?


பரிசோதனைக் குழாய்
சனி, காலை 10.40

தரத்தைப் பற்றி நான் சொல்லலாம். பதினைந்து வருடமாக இரசாயன ஆய்வுகூடத்தில் இருக்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம்.

கணக்கு அண்ணாவோடு பாதி ஒத்துப்போகிறேன். நம் பிரச்சினை ஆய்வின் வகை கூடியது அல்ல. ஒரே ஆய்வு திரும்பத் திரும்ப வருவதுதான். ஒரு மூலிகை இலையை எடு, அரை, மதுசாரத்தில் ஊற வை, அன்ரிஒக்ஸிடன்ட் சோதனை செய், கட்டுரை எழுது. அடுத்த வருடம் வேறு இலை. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணுகிறார்கள், அதனால் கெதியாக முடிகிற வேலைக்கே எல்லோரும் ஓடுகிறார்கள். நானும் அப்படி இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன், அவற்றை நினைத்து நான் சந்தோசப்படுவதில்லை. இவை எல்லாம் உங்கள் நாலுக்குள் 'மருத்துவம்' என்ற பெயரில் உள்ளே வந்துவிடும் அண்ணா. தோம்பு வாசிக்கிற பிள்ளை வெளியே நிற்கும். பட்டியலைச் சுருக்கினால் இதுதான் நடக்கும். பெயர்ப்பலகை மாறும், வேலை மாறாது.

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. மகள் வாசிக்கிற பக்கங்களில் எழுத்து இருக்கிற இடம் மட்டும் பழுப்பாகி, ஓட்டை விழுந்திருக்கிறதா? கேட்டுச் சொல்வீர்களா?


கொட்டாஞ்சேனை அப்பா
சனி, பகல் 12.30

கேட்டேன். ஓம் என்கிறாள். சில இடத்தில் எழுத்து அப்படியே வெட்டி எடுத்த மாதிரி விழுந்துவிட்டதாம், தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தின் வடிவில் வெளிச்சம் வருமாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்படுகிறாள்.


தாதி, வார்டு 
சனி, பகல் 1.15

சிறுநீரக வார்டில் வேலை செய்கிறேன், இரவு டியூட்டி முடிந்து எழுந்து இதைப் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பணக்கார நாடு கண்டுபிடிப்பதை எடுத்துக்கொள்வோம் என்று ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். நாங்கள் படித்த புத்தகத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு முக்கிய காரணம் சீனி வருத்தமும் பிரஷரும். ரஜரட்டையில் இருந்து வருகிற விவசாயிக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. நாற்பது வயது, கையெல்லாம் காய்த்துப்போயிருக்கும், சிறுநீரகம் இரண்டும் சுருங்கியிருக்கும். 1990களில் இருந்து இது தெரியும். காரணம் இன்றுவரை முடிவாகவில்லை. கிணற்றுத் தண்ணீரின் வன்மை, புளோரைட், பூச்சிகொல்லி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுவதும் வேலை செய்வது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கும் இதே மாதிரி வருகிறது.

தண்ணீரைப் பார்க்க இரசாயனவியலாளர் வேண்டும். பாறையைப் பார்க்கப் புவியியலாளர் வேண்டும். அந்த ஆள் ஏன் வயலில் தண்ணீர் குடிப்பதில்லை, எந்தக் கிணற்றை ஏன் விட்டுவிட்டார், மருந்துத் தாங்கியை எப்படித் தூக்குகிறார் என்று வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்க ஒரு சமூகவியல் பிள்ளை வேண்டும். டொக்டரிடம் அவர்கள் "எல்லாம் சரி" என்றுதான் சொல்வார்கள். எங்களிடமும் அப்படித்தான்.


மருதானைக்காரன்
சனி, பின்னேரம் 4.50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இதுவரை சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். கோவிட் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

2020 ஏப்ரலில் இருந்து கோவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தது. 2003 இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸை இனங்கண்ட மலிக் பீரிஸ் நம் நாட்டில் பிறந்து பேராதனையில் படித்தவர். கேட்க ஆள் இல்லாமல் இல்லை. 2021 பெப்ரவரி கடைசி வரை அந்தத் தடை இருந்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. என் வீட்டில் அப்படி ஒரு மௌத்து நடக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் நடந்தது. இருபது நாள் குழந்தையின் செய்தியும் அந்த நேரம் வந்தது, அதைப் பற்றி இன்னும் என்னால் எழுத முடியாது.

நான் சொல்ல வந்தது, மேற்கு ஆபிரிக்காவில் எபோலா வந்தபோது உடலைத் தொட்டுக் குளிப்பாட்டுவதால் உண்மையிலேயே நோய் பரவியது. அங்கே வைரஸ் ஆய்வாளரோடு மானிடவியலாளரையும் சேர்த்து, குடும்பத்தோடு பேசி, பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் அடக்குகிற முறையை உண்டாக்கினார்கள். ஆபத்து உண்மையாக இருந்த இடத்தில் அதைச் செய்தார்கள். ஆபத்து இல்லாத இடத்தில் நமக்கு அது நடக்கவில்லை.


பம்பலப்பிட்டிக் கணக்கு
சனி, பின்னேரம் 5.35

நானா, அந்தக் காலத்தில் நான் வாய் திறக்காமல் இருந்தேன். அதற்கு வருந்துகிறேன்.

ஆனால் வாதம் என்று பார்த்தால் இது என் பக்கம்தான் வருகிறது. அறிவு இருந்தது, நிபுணர் இருந்தார், சொன்னார், ஒருவரும் கேட்கவில்லை. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோதும் அதேதான். மண் படித்தவர்கள், விவசாயப் பேராசிரியர்கள் எல்லோரும் எச்சரித்தார்கள். சில மாதத்தில் தடையை எடுத்தார்கள், அதற்குள் விளைச்சல் விழுந்து அரிசி இறக்குமதி செய்தோம். அங்கே நூறு ஆய்வு கூடுதலாகச் செய்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கேட்காத காதுக்கு இன்னும் எதற்கு நூறு ஆய்வு?


மருதானைக்காரன்
சனி, இரவு 7.20

ஒரு அரசு ஏன் கேட்கவில்லை, சனங்கள் ஏன் நம்பினார்கள், பயத்தை எந்தப் பேப்பர் எப்படி எழுதியது என்பதும் ஓர் ஆராய்ச்சிதான் தம்பி. அதை நெல் ஆராய்ச்சி நிலையம் செய்யாது. அரசியல் படித்தவர், ஊடகம் படித்தவர், வரலாறு படித்தவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் அவர்களை நாலுக்கு வெளியே விட்டுவிட்டு, கேட்காத காதைப் பற்றி யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?


மாளிகாவத்தை மாணவன்
சனி, இரவு 8.05

நான் கம்பஸ் முதலாம் வருடம், பெரியவர்கள் குறை நினைக்க வேண்டாம். நீங்கள் சொல்கிற எதையும் என்னால் தமிழில் வாசிக்க முடியவில்லை. மலேரியாக் கட்டுரை ஆங்கிலம், சிறுநீரகக் கட்டுரை ஆங்கிலம், காலிக் கல்லைப் பற்றித் தேடினாலும் ஆங்கிலம். என் உம்மா நோயாளி. அவருக்கு விளங்குகிற மாதிரி ஒரு பக்கம்கூட இல்லை. காசு கொடுப்பது எங்கள் வரி என்றால் எங்கள் மொழியில் ஒரு சுருக்கமாவது தர வேண்டாமா?


வெள்ளவத்தை ரீச்சர்
சனி, இரவு 9.00

மகன், நூற்றுக்கு நூறு சரி. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். வெளியில் இருந்து வந்தவர் செய்ததை நாம் செய்யாமல் இருக்கிறோம். இதில் எனக்கும் எங்கள் தலைமுறைக்கும் பங்கு உண்டு. அந்தச் சிறுநீரகப் பகுதியை உன் உம்மாவுக்கு ஏற்ற மாதிரி நான் எழுதித் தருகிறேன், தாதி தங்கச்சி சரிபார்த்தால் போதும்.


தாதி, வார்டு
சனி, இரவு 9.40

கட்டாயம் பார்ப்பேன் ரீச்சர்.


பரிசோதனைக் குழாய்
சனி, இரவு 11.15

ஐயா, ஓட்டை விசயத்துக்கு வருகிறேன். நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த ஒன்றில் நீங்கள் கேட்ட முழுக் கேள்வியும் இருக்கிறது.

அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. மாசிக்காயில் தனின் இருக்கிறது, அன்னபேதி இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்து காற்றுப் பட்டால் கறுக்கும், அழியாது. அதனால்தான் ஐரோப்பா முழுவதும் அதில் எழுதினார்கள். ஆனால் உள்ளே அமிலம் மிச்சம் இருக்கும், கட்டுப்படாத இரும்பும் மிச்சம் இருக்கும். அமிலம் தாளின் நாரை அறுக்கும், இரும்பு ஒட்சியேற்றத்தைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். ஈரப்பதன் கூடினால் இன்னும் வேகம். கொழும்பின் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மகள் பார்க்கிற ஓட்டை அப்படி வந்தது. 250 வருடமாக அந்த எழுத்து தன் தாளைத் தானே தின்றுகொண்டிருக்கிறது.

1990களில் நெதர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கல்சியம் பைற்றேற், அதாவது பைற்றிக் அமிலத்தின் உப்பு, அதன் கரைசலில் தாளை நனைத்தால் அது இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். பிறகு கல்சியம் இருகாபனேற்று, அது அமிலத்தை நடுநிலையாக்கும். பக்கத்தில் எவ்வளவு இரும்பு அவிழ்ந்து கிடக்கிறது என்று பார்க்க ஒரு சோதனைத் தாள் இருக்கிறது. ஈரமாக்கி எழுத்தின் மேல் அழுத்தினால், இரும்பு இருந்தால் ரோஸ் நிறமாகும். நான் ஒருமுறை பழைய உறுதிப்பத்திரம் ஒன்றில் செய்து பார்த்தேன். தாளில் ரோஸ் நிறத்தில் கையெழுத்து மெல்ல மெல்ல ஏறி வந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

இப்போது கேளுங்கள். இந்தப் பைற்றிக் அமிலம் எங்கே இருக்கிறது? அரிசித் தவிட்டில். போசாக்கு ஆய்வாளர்களுக்கு இது கன காலத் தலையிடி. தானியமும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிற இடங்களில் உணவில் இரும்பு இருந்தும் உடம்பு அதை எடுப்பதில்லை, பைற்றிக் அமிலம் குடலிலேயே இரும்பைக் கட்டிப்பிடித்துவிடும். இரத்தச்சோகை ஏன் வருகிறது என்று பார்த்தவர்கள் இதை ஆராய்ந்தார்கள். வயிற்றில் எது கெடுதலோ அதே குணம்தான் தோம்புக்கு மருந்து. சோற்றைப் பற்றிப் படித்தவர், துரு பிடிப்பதைப் பற்றிப் படித்தவர், பழைய கையெழுத்து வாசிக்கிறவர், மூன்று பேரும் மூன்று கட்டடத்தில் இருந்தவர்கள். யாரும் யாருக்காகவும் தொடங்கவில்லை.

கணக்கு அண்ணா கேட்டார், ஆகாமல் போனதை யார் எண்ணினார்கள் என்று. எண்ண முடியாது அண்ணா, ஏனென்றால் எது ஆகாமல் போனது என்று இன்னும் முடிவாகவில்லை. புரொக் அந்தப் பக்டீரியாவை ஒரு நுண்ணுயிர் வைப்பகத்தில் கொடுத்து வைத்தார். அதனால்தான் பிறகு வந்தவர்கள் கேட்டு வாங்க முடிந்தது. தோம்பு இருக்கிற இடமும் ஒரு வைப்பகம். அதில் காணி இருக்கிறது, மரக்கணக்கு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. 1700களில் இந்தக் கரையோரத்தில் எத்தனை பலா நின்றது என்பது நாளைக்கு ஒரு தாவரவியல் பிள்ளைக்குத் தேவைப்படலாம். தேவைப்படும்போது அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் நாட்டில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆளைத் தேவை வந்த பிறகு ஆறு மாதத்தில் உண்டாக்க முடியாது. இரண்டு பக்கம், இரண்டு பக்கமாகத்தான் உண்டாகும்.

செலவையும் பாருங்கள். என் ஆய்வுகூடத்தில் ஓர் இயந்திரத்தின் ஒரு பாகம் உடைந்தால் டொலரில் கட்ட வேண்டும். மகளுக்கு ஒரு மேசை, ஒரு பென்சில், பஸ் காசு.


பம்பலப்பிட்டிக் கணக்கு
ஞாயிறு, காலை 7.50

அக்கா, இரண்டு தரம் வாசித்தேன். தவிட்டுக் கதையை வீட்டிலும் சொன்னேன்.

ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நாலு என்று எழுதியது தவறு. இங்கே மட்டும் இருக்கிறது, வேறு எவரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்றால், அது கல்லோ கிணறோ தோம்போ, அதற்கு முதல் இடம் கொடுக்கலாம். அந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதே அளவுகோலில் நீங்கள் சொன்ன இலை அரைக்கிற கட்டுரைகளுக்குக் காசு நிற்க வேண்டும். ஐயாவுக்கு விளங்காத அந்தக் கணிதத்துக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் மனம் தெளியவில்லை. கணிதம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், இங்கே இருந்து செய்ய வேண்டிய அவசியம் என்ன?


குடம்பி
ஞாயிறு, காலை 9.25

ஒரு நோயாளி எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்று எங்களுக்குக் கணக்குப் போட்டுத் தருவது அந்தக் கணிதக்காரர்தான் அண்ணா. 2017 இல் டெங்கு ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு வந்தபோது எந்த வட்டாரத்துக்கு முதலில் ஆளனுப்புவது என்று தவித்தோம். சமன்பாடு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதற்குள் போடுகிற மழையும் ஒழுங்கையும் கொழும்பினுடையது. அதைப் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்துக் கேட்கலாம்.


பம்பலப்பிட்டிக் கணக்கு
ஞாயிறு, காலை 9.40

சரி. யோசிக்கிறேன். முழுதாக ஒத்துக்கொண்டதாக எடுக்க வேண்டாம்.


கொட்டாஞ்சேனை அப்பா
ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இன்று கடை பூட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அவள் எழுதி வைத்திருக்கிற கொப்பியைக் காட்டச் சொன்னேன். மூன்று வருடத்தில் நான் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தரம்.

ஒரு தோட்டத்தின் பதிவு. தென்னை இத்தனை, பலா இத்தனை, கமுகு இத்தனை என்று வரிசையாக. அதைப் பார்த்ததும் எனக்கு என் இருப்புப் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. காய்க்கிற மரம் தனியாக, இளம் மரம் தனியாக எழுதியிருக்கிறான் ஒருவன். நானும் விற்கிற சரக்கையும் புதுச் சரக்கையும் அப்படித்தான் பிரிப்பேன். ஓர் இடத்தில் கூட்டல் பிழைத்திருந்தது. நான் சொன்னேன், அவள் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஓம் அப்பா, நான் கவனிக்கவில்லை" என்று பென்சிலால் குறித்துக்கொண்டாள். பிழை ஒல்லாந்தர் காலத்து ஆளுடையதா, அவள் பார்த்து எழுதியபோது வந்ததா என்று செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்க வேண்டுமாம்.

வேலை என்ன கிடைக்கும் என்ற கவலை போகவில்லை. அது போகாது, பெற்ற மனம். ஆனால் படிப்பை நிறுத்து என்று இனிச் சொல்லப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோய் விடலாம் என்று இருக்கிறேன். குழாய்த் தங்கச்சி, அந்த ஓட்டை விழுந்த பக்கங்களைக் கையாளும்போது அவள் எதைக் கவனிக்க வேண்டும்?


பரிசோதனைக் குழாய்
ஞாயிறு, இரவு 9.05

கை காய்ந்திருக்க வேண்டும், வியர்வை கூடாது. பக்கத்தை மூலையில் பிடித்துத் திருப்பக் கூடாது. கீழே ஒரு தடித்த சுத்தமான தாளைச் செருகி, அதோடு சேர்த்துத் திருப்பச் சொல்லுங்கள், அப்போது பலவீனமான எழுத்து உடையாது. விழுந்த துண்டு ஏதாவது இருந்தால் ஊதிவிட வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், அங்கேயுள்ள பாதுகாப்புப் பிரிவினரைக் கூப்பிடட்டும். அந்தத் துண்டில் ஓர் எழுத்து இருக்கும்.